கொலோனா, பாம்பெர்கா, மியூனிக்கா? நான்கு ராத்திரி கையில் இருந்தால்

போன மே மாதம் சித்தி மகன் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு ஒரு கண்காட்சி வேலையாக வந்தான். வேலை வியாழக்கிழமையோடு முடிகிறது, திரும்பும் விமானம் திங்கள் மதியம். வந்த அன்றே போன். "அண்ணே, நாலு ராத்திரி சும்மா இருக்கு. ஜெர்மனி வரைக்கும் வந்துட்டு பியர் குடிக்காமப் போனா ஊர்ல ஒரு பய மதிக்க மாட்டான். பேசாம மியூனிக் போயிரட்டுமா?"

"சரி, போ" என்று சொல்லியிருந்தால் பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். நான் "இரு" என்றேன்.

இந்த நாட்டில் பியர் என்பது ஊரோடு ஒட்டிய சமாச்சாரம். நம்மூரில் மதுரையில் நின்றாலும் சென்னையில் நின்றாலும் கடைக் கம்பிக்குப் பின்னால் இருப்பது அதே நாலு லேபிள்தான். இங்கே ரயிலில் அரை மணி நேரம் போனால் பியரின் நிறம் மாறிவிடும், கிளாஸின் அளவு மாறிவிடும், கொண்டுவந்து வைக்கிற ஆளின் குணம்கூட மாறிவிடும். அதனால் "எந்த பியர் நல்லது" என்று கேட்பதில் பலனில்லை. எந்த ஊருக்கு டிக்கெட் போடுவது என்று கேட்கவேண்டும். அவன் இறங்கியிருந்த ஃபிராங்க்ஃபர்ட்டே பியருக்குப் பேர்போன ஊர் இல்லை. அங்கே சாக்சன்ஹவுசன் பக்கம் போனால் சாம்பல் நிற மண்குடுவையில் புளிப்பான ஆப்பிள் ஒயின்தான் வரும். முதல் மடக்கில் முகம் சுளிக்கும், இரண்டாவதில் பழகும். ஒரு சாயங்காலத்துக்கு அது போதும்.

இருக்கிற வழிகளில் மிகவும் கிட்டத்தில் இருப்பது கொலோன். வேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். ஸ்டேஷன் வாசலைத் தாண்டினால் நேர் எதிரே அந்தப் பிரம்மாண்ட தேவாலயம் நிற்கிறது. அதை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததும் நாலு எட்டு நடந்தால் பியர் வீடுகள். தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே 1904ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் ஃப்ரூ, ஃப்ரீசன் தெருவில் 1883ஆம் ஆண்டு தொடங்கிய பாஃப்கன், ஹாய்மார்க்ட் சதுக்கத்தில் மால்ட்ஸ்முயலெ. எல்லாவற்றிலும் கிடைப்பது ஒரே வகை பியர், கொல்ஷ். வைக்கோல் நிறம், பளிச்சென்ற தெளிவு, உறுத்தாத கசப்பு. 1986இல் 24 ப்ரூவரிகள் (பியர் காய்ச்சும் நிறுவனங்கள்) கையெழுத்திட்டு, கொலோன் வட்டாரத்தில் காய்ச்சினால்தான் அந்தப் பெயர் என்று எல்லை போட்டுக்கொண்டார்கள். 1997இல் ஐரோப்பிய ஒன்றியமும் அதற்கு முத்திரை குத்தியது. நம் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறதே, அதே கதை.

கொல்ஷ் வருவது 200 மில்லி பிடிக்கும் ஒல்லியான உருளை கிளாஸில். ஊரில் 650 மில்லி பாட்டில் பார்த்துப் பழகியவனுக்கு அது பல் விளக்கக் கொடுத்த தண்ணீர் மாதிரி தெரியும். ஆனால் அதில் ஒரு நியாயம் உண்டு. கொல்ஷ் சீக்கிரம் நுரை இறங்கிச் சப்பென்று ஆகிவிடும். சின்ன கிளாஸ் என்றால் அதற்குள் காலியாகியிருக்கும். அடுத்ததை நீங்கள் கேட்கவேண்டியதில்லை. "கோபெஸ்" என்று அழைக்கப்படும் பரிமாறுபவர் நடுவில் பிடி வைத்த வட்டத் தட்டில் நிறைந்த கிளாஸ்களைச் செருகிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருப்பார். உங்களுடையது காலியானால் அவரே புதியதை வைத்துவிட்டு, அடியில் இருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். அந்த அட்டைதான் பில். போதும் என்றால் அதை எடுத்து கிளாஸின் வாயில் மூடவேண்டும்.

இந்தக் கடைசி வரி முதல்முறை போனபோது எனக்குத் தெரியாது. அவர் வரும்போதெல்லாம் நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. நம் தலையாட்டலை அவர் என்னவென்று எடுத்துக்கொண்டாரோ, ஒவ்வொரு ஆட்டலுக்கும் ஒரு கிளாஸ் வந்தது. எழுந்தபோது அட்டையில் ஒன்பது கோடு. பக்கத்து மேசைத் தாத்தா சிரித்துவிட்டுத் தன் அட்டையை எடுத்து கிளாஸ் மேல் வைத்துக் காட்டினார். கொஞ்சம் முன்னாடி காட்டியிருக்கலாம்.

சாப்பாட்டு அட்டையிலும் கொலோன்காரர்கள் விளையாடுவார்கள். "பாதிச் சேவல்" என்று பொருள்படும் "ஹால்வ ஹான்" வாங்கினால் கோழி வராது. ரை என்ற தானிய மாவில் செய்த ரொட்டியும் தடிமனான கௌடா சீஸும், கொஞ்சம் கடுகு விழுதும், வெங்காயமும் வரும். சைவக்காரர்களுக்குப் பிழைக்க வழி இதுதான். "கொலோன் காவியார்" என்று ஒன்று இருக்கும். மீன் முட்டை என்று நினைத்துக் கை வைக்காதீர்கள், அது பன்றி ரத்தத்தில் செய்த சாசேஜ்.

கொலோனுக்கு வடக்கே 40 கிலோமீட்டரில் டுசெல்டார்ஃப். சாதாரண வண்டியிலேயே அரை மணி நேரம். இந்த இரண்டு ஊருக்கும் ஆகாது. பகைக்கு மூலம் 1288இல் நடந்த வொரிங்கன் போர் என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் போரில் கொலோன் நகரத்தார் டுசெல்டார்ஃப் பிரபுவின் பக்கம் நின்று தங்கள் பேராயரைத்தான் எதிர்த்தார்கள். போர் முடிந்து எழுநூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போதும் கொலோனில் உட்கார்ந்து டுசெல்டார்ஃப் பியரைக் கேட்டுப் பாருங்கள், முகம் போகும் போக்கு தெரியும்.

அந்த டுசெல்டார்ஃப் பியருக்கு ஆல்ட் என்று பெயர். "பழையது" என்று பொருள், அதாவது பழைய முறையில் காய்ச்சியது. உண்மையில் கொல்ஷும் ஆல்ட்டும் பங்காளிகள். இரண்டுமே சற்று வெதுவெதுப்பில் நொதிக்கவிட்டு, பிறகு குளிரில் ஊறவைக்கும் பியர்கள். வித்தியாசம் முக்கியமாக முளைகட்டிய பார்லியை, அதாவது மால்ட்டை, எவ்வளவு வறுக்கிறார்கள் என்பதில். ஆல்ட்டுக்குச் செம்பு நிறம், வறுத்த தானிய வாசம், நன்றாகவே தெரிகிற கசப்பு. கொல்ஷ் பால் கூடின காபி என்றால், ஆல்ட் டிகாக்ஷன் தூக்கலான காபி. அதிலும் யூரிகெ வீட்டு ஆல்ட்டில் (1862ஆம் ஆண்டிலிருந்து அங்கேயே காய்ச்சுகிறார்கள்) கசப்பு அதிகம். 1838இல் தொடங்கிய ஷூமாகரில் கசப்பு அடங்கி மால்ட்டின் இனிப்பு மேலே வரும். பழைய நகரத்தின் அரை சதுர கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 260 மதுக்கடைகள் இருப்பதால், உலகத்திலேயே நீளமான பார் என்று பெருமை பேசுவார்கள். வார இறுதி இரவில் அந்தத் தெருக்களில் பெண்ணெடுப்பதற்கு முந்தைய கும்மாளக் கூட்டங்கள் நெரியும். நான் செவ்வாய், புதன் என்று போவேன். ஜனவரியிலோ அக்டோபரிலோ போனால், மூன்றாவது செவ்வாய்க்கிழமை யூரிகெயில் "ஸ்டிக்கெ" என்ற வீரியம் கூடின ஆல்ட் கிடைக்கும்.

என் கணக்கில் இந்த இரட்டை ஊர்களுக்கு ஓர் இரவு, அடுத்த நாள் மதியம் வரை. அதற்கு மேல் இழுத்தால் அதே கிளாஸ், அதே கோடு. ஒரே நாளில் இரண்டையும் குடித்து ஒப்பிடலாம் என்பதுதான் இதன் பலம். காலையில் கேட்ட ராகத்தைச் சாயங்காலம் இன்னொருவர் பாடிக் கேட்பதுபோல இருக்கும்.

சரி, பாம்பெர்குக்கு வருகிறேன். இதைத்தான் சொல்லவேண்டும் என்று முதலிலிருந்தே நாக்கு துடித்துக்கொண்டிருக்கிறது.

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வூர்ட்ஸ்பர்கில் வண்டி மாறி இரண்டரை மணி நேரம். வரைபடத்தில் பவேரியா மாநிலத்துக்குள் இருந்தாலும் ஊர்க்காரர்களிடம் பவேரியர் என்று சொல்லிவிடாதீர்கள். அவர்கள் ஃபிராங்கோனியர்கள். மியூனிக்காரர்கள் கொண்டாடும் பியர் தூய்மைச் சட்டம் 1516இல் வந்தது. எங்கள் ஆயர் அதற்கு 27 வருடம் முன்னாடியே, 1489இல் போட்டுவிட்டார் என்று இங்கே கணக்குச் சொல்வார்கள். போர்க்குண்டுக்குப் பெரும்பாலும் தப்பிய பழைய நகரம், ஆற்றின் நடுவில் பாலத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் நகரமன்றம். 1993இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

இங்கே கிடைப்பது புகை பியர், ரௌக்பியர். புகை எங்கிருந்து வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். முளைகட்டிய பார்லியைக் காயவைக்க வேண்டும் இல்லையா, அதை பீச் (பழம் தரும் பீச் இல்லை, beech என்ற காட்டு மரம்) விறகுத் தீயின் மேல் காயவைக்கிறார்கள். ஒரு காலத்தில் எல்லா ஊரிலும் விறகுதான், அதனால் பெரும்பாலான பியரில் புகை வாசம் இருந்திருக்கும். பிறகு புகை படாமல் சுடுகாற்றில் காயவைக்கும் உலைகள் வந்தன, எல்லாரும் மாறினார்கள். பாம்பெர்கில் ஷ்லெங்கெர்லா, ஸ்பெஷியல் என்ற இரண்டு வீடுகள் மட்டும் விறகை விடவில்லை. ஷ்லெங்கெர்லாவில் சாதாரண வெளிர் பியரும் காய்ச்சுகிறார்கள், அதில் புகை போட்ட பார்லி கிடையாது. ஆனாலும் அதே கொப்பரையில் கொதித்து, அதே ஈஸ்டில் நொதிப்பதால் அதிலும் புகை லேசாக எட்டிப் பார்க்கும்.

ஷ்லெங்கெர்லாவின் உள்ளே கூரை தாழ்வு, மரம் எல்லாம் கறுத்திருக்கும், மேசைகள் நீளம். முன்பின் தெரியாதவர்களோடுதான் உட்காரவேண்டும். பீப்பாய் மரத்தாலானது, பம்பு எதுவும் இல்லை, திருகைத் திறந்தால் தன் எடையிலேயே இறங்குகிறது. அரை லிட்டர். இந்தப் பக்கத்தில் அதற்கு "சைட்லா" என்று பெயர். நிறம் கருங்காபி, நுரை மட்டும் பழுப்பு வெள்ளை. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனபோது எனக்கு வந்தது பாட்டி வீட்டு அடுக்களை. விறகு சரியாகக் காயாத அன்று பாலில் புகை பிடித்துவிடும், "பால்ல பொகை வாசம் வருது" என்று தாத்தா தம்ளரைத் தள்ளி வைப்பார். அந்த வாசம். ஐரோப்பியர்களுக்கு இது புகையிட்ட பன்றி இறைச்சியை நினைவூட்டுமாம். நமக்கு அந்த வம்பு இல்லை, நேராக அடுப்படிக்குப் போய்விடலாம்.

முதல் மடக்கு மோசம், இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் கிளாஸ் முடியும்போது "பரவாயில்லை". இரண்டாவதில் புகை பின்னால் போய் மால்ட்டின் இனிப்பு முன்னால் வருகிறது. மூன்றாவது சைட்லாவில்தான் பிடிபடும் என்பது ஊர்க்காரர்கள் வருகிறவர்களிடம் சொல்லும் வாடிக்கையான வார்த்தை. 5.1 சதவீத பியரில் ஒன்றரை லிட்டர் குடித்தபிறகு எதுதான் பிடிபடாது என்றும் கேட்கலாம். எனக்கு இரண்டிலேயே பிடிபட்டுவிட்டது.

புகை கொஞ்சமும் ஒத்துவரவில்லை என்றாலும் பாம்பெர்க் வீணாகாது. மார்ஸ் ப்ரொய் என்ற ப்ரூவரியில் "ஆ ஊ" என்றால் போதும், வடிகட்டாத, வாயு குறைந்த, மெத்தென்ற ஒரு பியர் வரும். ஜெர்மன் மொழியில் நான் பிழையில்லாமல் ஆர்டர் செய்யும் ஒரே பொருள் அது. ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் ஸ்பெஷியலும், 1649இல் தொடங்கிய ஃபெஸ்லாவும் ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இருக்கின்றன. இரண்டிலுமே மேல்மாடியில் அறை வாடகைக்கு உண்டு. குடித்த இடத்திலேயே படி ஏறிப் படுக்கலாம், கடைசி பஸ் கவலை இல்லை. ஆனால் முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும், அறைகள் குறைவு.

கோடையில் இன்னொன்றும் உண்டு. இந்த ஊரில் சாயங்காலம் "நிலவறை மேல் போகிறோம்" என்பார்கள். நிலவறைக்குள் இறங்கத்தானே வேண்டும், மேலே எப்படிப் போவது? பியரைக் குளிர்ச்சியாக வைக்க அந்தக் காலத்தில் குன்றுகளில் பாறையைக் குடைந்து அறை வெட்டினார்கள், மேலே வெயில் படாமல் மரம் வைத்தார்கள். மரத்தடியில் பெஞ்சு போட்டுக் குடிக்கத் தொடங்கினார்கள். அறை கீழே, ஆள் மேலே. ஸ்பெஷியல் வீட்டுக்கு அப்படி ஒரு குன்றுத் தோட்டம் இருக்கிறது. அங்கே இருந்து பார்த்தால் தேவாலயத்தின் நாலு கோபுரமும் செங்கூரைகளும் வெயில் சாயும்வரை கண்முன்னே இருக்கும்.

குறை என்று பார்த்தால், சாப்பாடு. பன்றியும் பன்றி சார்ந்த இடமும். பாம்பெர்க் வெங்காயம் என்று ஊர்ப் பெருமையாக ஒரு பதார்த்தம் போடுவார்கள். பெயரைப் பார்த்து சைவம் என்று ஏமாறக்கூடாது, உள்ளே கொத்துக்கறி அடைத்திருக்கும்.

மியூனிக்கைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், அதுதான் அதன் பிரச்சினை. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். "அக்டோபர்ஃபெஸ்ட் பாக்கணும்ணே" என்றான் தம்பி. அது செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் முதல் வாரத்தில் முடிந்துவிடும், இது மே மாதம் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. 1810இல் பட்டத்து இளவரசர் லுட்விக் கல்யாணத்தை ஒட்டித் தொடங்கிய அந்தத் திருவிழாவில் ஊரின் ஆறு பெரிய ப்ரூவரிகளின் பியர் மட்டும்தான் விற்கலாம். 2025இல் ஒரு லிட்டர் கிளாஸின் விலை 14.50 யூரோவிலிருந்து 15.80 வரை. ஓட்டல் அறை வாடகையோ கேட்கவே வேண்டாம். திருவிழாவுக்காகவே வருபவர்கள் வரட்டும். பியருக்காக வருபவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

ஆனால் மியூனிக்கின் பியர் தோட்டம் வேறு விஷயம், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். பவேரியாவில் 1553இலிருந்து கோடையில் பியர் காய்ச்சத் தடை இருந்தது. குளிர்காலத்தில் காய்ச்சியதைக் கோடை முழுக்க நிலவறையில் வைத்தார்கள், மேலே செஸ்நட் மரம் நட்டார்கள். பாம்பெர்க் கதைதான், இங்கே குன்றில்லாமல் சமதரையில். தோட்டத்தில் பியர் விற்கலாம், ஆனால் ரொட்டி தவிர சாப்பாடு விற்கக்கூடாது என்று 1812இல் அரசர் ஓர் உத்தரவு போட்டார். அதன் மிச்சமாக இன்றும் பியர் தோட்டத்துக்கு வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம். மேசைத்துணி விரிக்காத மேசையில் உட்கார்ந்து, பியரை மட்டும் அவர்களிடம் வாங்கவேண்டும், அவ்வளவுதான். நாங்கள் ஒருமுறை ஆர்னுல்ஃப் தெரு ஆகஸ்டினர் தோட்டத்தில், பக்கத்து மேசையில் சீஸும் முள்ளங்கியும் பிரிக்கிறபோது, எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் பிரித்தோம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வறுவலுக்கு மரப் பீப்பாயிலிருந்து வந்த ஹெல்லெஸ் எவ்வளவு பொருத்தம் என்று சொன்னால் வீட்டில் கோபித்துக்கொள்வார்கள்.

ஹெல்லெஸ் என்பது மென்மையான வெளிர் பியர். 1894இல் ஷ்பாட்டன் ப்ரூவரி கொண்டுவந்தது. வாழைப்பழ வாசத்தோடு கலங்கலாக இருக்கும் கோதுமை பியரும் இந்த ஊர்ச் சிறப்பு. குடிக்காதவர்கள், குழந்தைகள், பெரியவர்கள் என்று குடும்பமாக வருகிறவர்களுக்கு மியூனிக்தான் சரி. அருங்காட்சியகம், பூங்கா, மலை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். தனியாக நாலு ராத்திரி வைத்திருப்பவன் அங்கே போனால் பெரிய கூடத்தில், பெரிய கிளாஸோடு, தன்னைப்போலவே வந்த சுற்றுலாக்காரர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

கிழக்குப் பக்கத்தை அவனுக்கு நான் சிபாரிசு செய்யவில்லை, ஆனால் லைப்சிக்கின் கோஸெ பியரைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் உப்பும் கொத்தமல்லி விதையும் போடுகிறார்கள், தயிரில் வருகிற லாக்டிக் புளிப்பும் இருக்கிறது. உப்பு, கொத்தமல்லி, புளிப்பு. நீர்மோர்! அந்த ஊரில் "பவேரிய ரயில் நிலையம்" என்று பெயர்கொண்ட பழைய கட்டடத்தில் இருக்கும் ப்ரூவரியில் குடித்தபோது பெருங்காயம் ஒன்றுதான் குறைந்தது. மேற்கே எல்லாம் குடித்து அலுத்தவர்கள் இரண்டாவது பயணத்தில் போகலாம். பெர்லினின் புளிப்பு வைஸ்ஸெவில் சிவப்பு அல்லது பச்சை சிரப் ஊற்றித் தருவார்கள், பார்க்க ரோஸ் மில்க் கடை மாதிரி இருக்கும். அதற்காக நாலு மணி நேரம் ரயில் ஏற வேண்டாம்.

ஆகவே தம்பிக்கு நான் போட்டுக் கொடுத்தது: வியாழன் இரவு ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே ஆப்பிள் ஒயின், வெள்ளி காலை டுசெல்டார்ஃப், மாலை கொலோன், அங்கே தூக்கம். சனிக்கிழமை நாலு மணி நேர ரயில் பாம்பெர்குக்கு. சனி, ஞாயிறு இரண்டு ராத்திரியும் அங்கே. திங்கள் விடியலில் கிளம்பினால் மதிய விமானத்துக்குச் சரியாக இருக்கும், வண்டி தாமதமானால் என்னைத் திட்டக்கூடாது. வெள்ளிக்கிழமை கூட்டம் என்று தெரிந்தேதான் டுசெல்டார்ஃபைப் பகலில் வைத்தேன்.

கூடவே சில புத்திமதிகளும் சொன்னேன். கிளாஸ் முட்டும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்கணும், பார்க்காவிட்டால் மரியாதைக் குறைவு. மேசையில் "ஷ்டாம்டிஷ்" என்று பலகை இருந்தால் அது வாடிக்கையாளர்களின் இடம், காலியாக இருந்தாலும் உட்காரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட் மூடியிருக்கும், ஊருக்கு பாட்டில் வாங்குவதென்றால் சனிக்கிழமையே. காலி பாட்டிலைத் தூக்கிப் போடாதே, திருப்பிக் கொடுத்தால் சாதாரண பியர் பாட்டிலுக்கு 8 சென்ட், டின்னுக்கு 25 சென்ட். அப்புறம், தெருவில் நிற்கும் வாடகை மின்ஸ்கூட்டரைக் குடித்துவிட்டுத் தொடாதே, காருக்கு உள்ள அதே ரத்தப் பரிசோதனை வரம்புதான் அதற்கும். எல்லாவற்றுக்கும் "சரிண்ணே, சரிண்ணே" என்றான்.

வெள்ளி ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு படம் அனுப்பினான். கொலோன் அட்டை, ஓரமெல்லாம் பென்சில் கோடு. எண்ணிப் பார்த்தேன், பதினான்கு.

"என்னடா இது?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேர் கணக்குண்ணே."

அவன் தனியாகத்தான் வந்திருந்தான்.